ரோஷான்: பால்கனி அன்று, பலகணி

ஜித்தாவின் பழைய நகரைப் பற்றித் தமிழில் வரும் பயணக் குறிப்புகள், காணொலிகள், உம்ரா வழிகாட்டிகள் எல்லாவற்றிலும் ஒரு தொடர் தவறாமல் வந்துவிடுகிறது: "அழகிய மர பால்கனிகள் கொண்ட பழங்கால வீடுகள்." பல ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். சென்ற மாதம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு கட்டுரையில் அதே தொடர் 'மரப் பலகணிகள்' என்று தூய்மைப்படுத்தப்பட்டிருந்தது. சொல் சரியானதே. ஆனால் எழுதியவர் அதைச் சரியான பொருளில் எழுதவில்லை என்பது அடுத்த வரியிலேயே தெரிந்துவிட்டது. "இந்தப் பலகணிகளில் நின்றபடி பெண்கள் தெருவில் செல்வோரைப் பார்த்துக் கையசைத்திருப்பார்கள்" என்று அவர் கற்பனையை ஓட்டியிருந்தார். அங்கிருந்து கையசைத்தால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே அது கட்டப்பட்டது.

அவர் குறிப்பிட்ட பொருளுக்கு, ஜித்தாவும் மக்காவும் அடங்கிய ஹிஜாஸ் பகுதியில் வழங்கும் பெயர் ரோஷான், பன்மையில் ரவாஷின். பாரசீகத்தில் ஒளி என்றும் ஒளிபுகும் துளை என்றும் பொருள்படும் சொற்களோடு இதனை இணைப்பர். நம்மிடையே பிள்ளைகளுக்கு இடும் ரோஷன், ரோஷினி ஆகிய பெயர்களும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. மானம், சினம் என்ற பொருளில் நாம் வழங்கும் ரோஷத்துக்கு இதனோடு தொடர்பில்லை. கெய்ரோவில் இதை ஒத்த அமைப்புக்கு மஷ்ரபிய்யா என்று பெயர். குடித்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர் அது; குடிநீர்ப் பானைகளைக் காற்றோட்டத்தில் வைத்துக் குளிரச்செய்யும் இடம் என்பது அதன் அடிப்படை. ஈராக்கில் அதுவே ஷனாஷீல். ஒரே பொருளை ஹிஜாஸில் ஒளியாலும் கெய்ரோவில் நீராலும் அழைத்திருக்கிறார்கள்; இந்த இரு பெயர்களிலும் மேடை என்ற பொருள் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

பெயரை விடப் பொருளைப் பார்ப்பதே பயன் தரும். ரோஷான் என்பது வீட்டின் வெளிச்சுவரிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்று மேலாகத் தெருப்பக்கம் நீண்டு நிற்கும் மரக்கூடு. கீழே அதைத் தாங்கும் செதுக்கிய மரத் தாங்கிகள். அவற்றின் மேல் அமரும் உயரத்துக்கு அடைப்புப் பலகை. அதற்கும் மேலே திறந்து மூடக்கூடிய கதவுகளும் சரிவான சிறு பலகைகளும் சல்லடைக் கண் போன்ற பின்னல் வேலையும். உச்சியில் ஒரு முடி. அடைப்புப் பலகையின் உட்பக்கத்தில் மெத்தையிட்டு அமர்வார்கள், படுப்பார்கள். உள்ளிருப்பவருக்குத் தெரு முழுவதும் தெரியும். தெருவில் நிற்பவருக்கு இருட்டான மரப்பின்னல் மட்டுமே தெரியும். வெயில் நுழையாது, கடற்காற்று நுழையும். கோடையில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து மனிதரைப் புழுக்கி எடுக்கும் ஊரில் இந்தக் காற்று ஓர் அலங்காரம் அன்று. இரண்டு, மூன்று மாடிகளுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இவை அடுக்கப்படும்போது வீட்டின் முகமே மரத்தாலானது போல் தோன்றும்.

அந்த மரம் உள்ளூர் மரமும் அன்று. கி.பி. 647-இல் கலீஃபா உஸ்மான் மக்காவுக்குரிய துறைமுகமாக ஜித்தாவைத் தேர்ந்தெடுத்தது முதல் கடல்வழி வரும் ஹாஜிகளும் சரக்குமே அந்த ஊரின் பிழைப்பு. சுவருக்குரிய பவளப் பாறையைச் செங்கடலிலிருந்து வெட்டி எடுத்தார்கள். ரோஷானுக்குரிய தேக்கு இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. உள்ளூரில் மரம் எவ்வளவு அரிது என்பதற்கு நசீஃப் வீடே சான்று. 1872-இல் தொடங்கி 1881-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த மாளிகையை 'மரம் இருக்கும் வீடு' என்று சொன்னாலே ஊரில் எல்லாருக்கும் விளங்குமாம்; ஏனெனில் அதன் வாசலில் நின்ற ஒற்றை மரத்தைத் தவிர 1920-கள் வரையிலும் ஊரில் வேறு மரம் இல்லை என்பார்கள். அது ஒரு வேப்பமரம் என்பதை நேரில் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இங்கே விவரிப்பது பொருளை விட்டு விலகுவதாகும்.

இனித் தமிழுக்கு வருவோம். பால்கனி என்பது என்ன? அறையிலிருந்து வெளியே வந்து நிற்பதற்கான திறந்த மேடை. இடுப்பளவு கைப்பிடிச் சுவர் அல்லது கம்பி உண்டு, முன்பக்கம் அடைப்பு இல்லை. நாம் அங்கே துணி காயவைக்கிறோம், தொட்டிச் செடி வைக்கிறோம், கீழே காய்கறிக்காரரைக் கூப்பிடுகிறோம். அங்கே நிற்பவர் எல்லார் கண்ணிலும் படுவார். ரோஷானில் இருப்பவர் எவர் கண்ணிலும் படமாட்டார். சுவரிலிருந்து நீண்டிருக்கிறது என்ற ஒரே ஒற்றுமையை வைத்து இரண்டையும் ஒன்றாக்குவது, தொங்குகிறது என்பதற்காகப் புடலங்காயைப் பாம்பு என்பதற்கு ஒப்பாகும்.

பால்கனி என்று எழுதுபவர்மீதுகூட எனக்கு அத்தனை வருத்தமில்லை. அவர் கண்ணில் பட்டதைக் கைக்கு வந்த சொல்லால் சொல்கிறார். அதைப் பலகணி என்று திருத்துபவர்மீதுதான் வருத்தம். பலகணியிலிருந்துதான் பால்கனி பிறந்தது என்று ஒரு கூற்று பல ஆண்டுகளாகக் கைமாறிக் கைமாறி வருகிறது. மேடைப் பேச்சுகளில் கைத்தட்டலும் பெறுகிறது. பால்கனி என்பது இத்தாலியச் சொல்லான பால்கோனேயிலிருந்து பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குச் சென்றது. அதற்கு மூலம் உத்தரத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல். சுவரிலிருந்து நீட்டிய உத்தரத்தின்மேல் அமைந்த மேடை என்பதால் அந்தப் பெயர். நம் பலகணிக்கோ உத்தரத்தோடு எவ்வகை உறவும் இல்லை. பல கண்களை உடையது பலகணி. சல்லடைக் கண், வலைக் கண் என்று இன்றும் வழங்குகிறோமே, அந்தக் கண்ணே இங்கும் துளை என்னும் பொருளில் நிற்கிறது. அகராதிகள் பலகணிக்குச் சாளரம் என்றே பொருள் தருகின்றன. சாளரமும் வலையைக் குறிக்கும் வடசொல்லின் வழியில் வந்ததுதான். இரண்டு சொற்களுக்கும் உள்ளே இருப்பது பின்னலும் துளையும். நிற்பதற்கு இடம் எதுவும் அவற்றில் இல்லை.

ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லை அதன் வீட்டிலிருந்து கிளப்பி வேறு வீட்டில் குடியேற்றியதன் விளைவு என்ன? அடுக்குமாடி விளம்பரங்களில் 'இரு படுக்கையறை, ஒரு பலகணி' என்று அச்சாகிறது. பள்ளிப் பிள்ளைகள் பலகணி என்றால் பால்கனி என்று மனப்பாடம் செய்கிறார்கள். அப்புறம் ஜித்தாவில், சூடானின் சுவாக்கினில், கெய்ரோவில் உண்மையாகவே பல கண்களை உடைய ஒரு பொருள் எதிரே வந்து நிற்கும்போது, அதற்கென்றே ஆக்கி வைத்தது போன்ற நம் சொல்லை எடுத்து வழங்க முடிவதில்லை; வழங்கினால் வாசகர் மனத்தில் கைப்பிடிச் சுவரும் துணிக்கொடியும் தோன்றுகின்றன. என் கட்டுரையாளர் பெண்களை வெளியே நிறுத்திக் கையசைக்க வைத்தது இதனால்தான். தூய தமிழ் எழுதுகிறோம் என்ற நிறைவில் ஒரு தூய தமிழ்ச் சொல்லை அழித்திருக்கிறோம். பால்கனி பால்கனியாகவே இருக்கட்டும். போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் நமக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடாது.

வேறு இரண்டு ஆக்கங்களையும் கண்டிருக்கிறேன். ஒன்று உப்பரிகை. அது மேல்மாடத்தைக் குறிப்பது. அரசியை நிறுத்தி வைக்கத் திரைக்கதைகளுக்குப் பயன்படும், இங்கே பயன்படாது. மற்றொன்று தொங்குமாடம். இது ஓரளவு சிந்தித்து ஆக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ரோஷான் தொங்குவதில்லை. மேலிருந்து கட்டித் தொங்கவிடப்பட்டது தொங்குவது. இது கீழிருந்து தாங்கப்படுவது. அதோடு, தொங்குமாடம் என்னும் பெயரில் அந்தப் பொருளின் உயிரான துளையும் காற்றும் வரவே இல்லை.

காற்றை மறக்காத சொல் நம்மிடம் இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி, காலதர். சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும்போது "மான்கண் காலதர் மாளிகை இடங்களும்" என்கிறது. மானின் கண் போன்ற துளைகளை உடைய காற்றுவழிகள். அடுத்த அடிகளிலேயே யவனர் இருக்கை வருகிறது. அதுவும் ஒரு துறைமுகம், அங்கும் கடல் கடந்து வந்தவர்கள். மதுரைக்காஞ்சியின் "சில்காற்று இசைக்கும் பல்புழை நல்இல்" என்னும் அடியிலும் புழை பலவாய் இருப்பதும் காற்று நுழைவதும் சேர்ந்தே வருகின்றன. ரோஷான் என்ற பெயரைக் கேள்விப்பட்டிராத புலவர்கள் ரோஷானை வரையறுத்துவிட்டது போல் இருக்கிறது. காலதர் என்றே எழுதிவிடலாமா என்று நானும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் இன்று அதைப் படிப்பவருக்குக் 'காலதர்' காலத்தோடு தொடர்புடைய ஏதோவாகத் தோன்றும். அடிக்குறிப்பு போட்டே வாழவேண்டிய சொல்லை நடைமுறைக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

ஜித்தாவில் வேலை பார்த்த நாள்களில் ஒரு மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு, பலது கடைத்தெருவின் பின்சந்து ஒன்றில் ரோஷான் பழுதுபார்ப்பதைக் கண்டேன். பழைய நகரின் பெயரான அல்-பலத் நம்மவர்கள் பேச்சில் எப்போதும் பலதுதான். கழற்றிய பின்னல் துண்டுகளைச் சாக்கின்மேல் வரிசையாகப் பரப்பி, பச்சைச் சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த தச்சர் குமரி மாவட்டத்துக்காரர். சாயம் போன இடத்தில் தேக்கு தேன் நிறத்தில் தெரிந்தது. துண்டுகளில் ஆணியே இல்லை, ஒன்றுக்குள் ஒன்று கொளுவிச் செருகியவை. இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள் என்று கேட்டேன். "ஜன்னல் கூடுண்ணே" என்றார், நிமிராமல். பால்கனி என்று சொல்கிறார்களே என்றேன். "பால்கனின்னா ஆளு வெளியில நிக்கணும்லா" என்றவர், ஒரு துண்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். துளைகளின் வழியே அவர் கண் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது மட்டும் கேட்டது.

அவர் சொன்ன 'கூடு' என் மனத்தை விட்டு அகலவில்லை. அதை ஒட்டியே என் தேர்வை முடிவு செய்தேன்: பலகணி மாடம். விளக்கு மாடம், புறா மாடம், துளசி மாடம் என்று சிறு கூட்டையும் நாம் மாடம் என்கிறோம். ஆகவே கூடு என்னும் கருத்தும் வந்துவிடுகிறது. பலகணி அதன் பழைய பொருளில் முன்னே நிற்கிறது. பின்னே மாடம் வருவதால் வாசகர் பால்கனி என்று வழுக்கிவிழவும் இடமில்லை. பின்னல் பகுதியை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் பலகணி போதும். கட்டுரையில் முதன்முறை வரும்போது ரோஷான் என்னும் பெயரைச் சொல்லி, பலகணி மாடம் என்று விளக்கிவிட்டு, பிறகு எது இயல்பாக வருகிறதோ அதை எழுதலாம். பேச்சில் ஜன்னல் கூடு என்பவரை நான் திருத்தமாட்டேன்.

இதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. பழைய ஜித்தாவையும் புதிய ஜித்தாவையும் பிரித்தறிய இந்தச் சொல்லே உதவும். நகரின் மதில் 1947-இல் இடிக்கப்பட்டபின் ஊர் வடக்கே ஓடியது. எண்ணெய்ப் பணம் வந்தபின் பழைய குடும்பங்களும் அந்தப் பக்கம் பெயர்ந்தன. விட்டுச்சென்ற வீடுகளில் வாடகைக்கு வந்தவர்கள் ரோஷானில் ஓட்டையிட்டுக் குளிர்சாதனப் பெட்டியைச் செருகினார்கள். 2014-இல் பழைய நகரை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதன்பின் மீட்டமைப்பு வேலைகள் வேகம் பெற்றன. அதே வேகத்தில் வேறொன்றும் பெருகியது. கண்ணாடிச் சுவர்களுக்கு முன்னால் அலுமினியத்திலும் சிமென்டிலும் வார்த்த ரோஷான் வடிவங்களை ஒட்டிவைக்கிறார்கள். அவற்றின் பின்னால் திறக்கவே முடியாத கண்ணாடி இருக்கிறது. தமிழ்க் குறிப்புகள் இவற்றையும் பால்கனி என்றோ பலகணி என்றோதான் அழைக்கின்றன. காற்று நுழையாததற்குப் பலகணி என்ற பெயர் எதற்கு? அலங்காரக் கிராதி என்று எழுதினால் போதும். மாறாக, 1983-இல் முடிந்த தேசிய வணிக வங்கியின் 27 மாடி முக்கோணக் கோபுரத்தில் ஒரு மரத்துண்டுகூட இல்லை. ஆனால் வெளிச்சுவர்களில் ஏறக்குறைய ஜன்னலே வைக்காமல், சுவரில் பெருந்துளைகளைத் திறந்து, அலுவலக அறைகளை அவற்றின் உட்பக்க நிழலை நோக்கித் திருப்பியிருக்கிறார்கள். பலகணியின் உறவு என்று சொல்லத்தக்கது எனக்கு அதுதான். ஒட்டுவேலை அலுமினியம் அன்று.

மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. மூலத்தில் ரவாஷின் என்று இருந்தால் அதைத் தமிழில் 'ரவாஷின்கள்' ஆக்கிவிடக் கூடாது. ரவாஷின் என்பதே பன்மை. மார்க்க அறிஞர்களைக் குறிக்கும் உலமா என்னும் பன்மையை உலமாக்கள் என்று நாம் மீண்டும் பன்மையாக்கியது பழகி ஊறிவிட்டது, அதை இனி மாற்ற இயலாது. இது இன்னும் பழகவில்லை. ரோஷான்கள் என்றே எழுதலாம்.