உதவிக்கு ஆளில்லாத வீட்டில் தாய்ப்பால்

“பால் பத்தலை சிஸ்டர்” என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வீட்டைப் பற்றி. யார் சமைக்கிறார்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பெரிய குழந்தையைப் பள்ளிக்கு யார் அனுப்புகிறார்கள்? மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கம் தாய்ப்பால் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். உண்மையிலேயே பால் சுரக்காத தாய்மார்கள் மிகக் குறைவு. பலருக்கு உட்கார்ந்து கொடுக்க நேரமில்லை, அதனால்தான் பால் குறைந்துகொண்டே போகிறது.

தாராவியில் ஒரு வீடு. பத்துக்குப் பத்து அறை, இரண்டாவது குழந்தைக்கு ஐந்து வாரம். பிரசவத்துக்கு வந்த அம்மா மூன்றாவது வாரமே திருநெல்வேலிக்கு ரயிலேறிவிட்டார். விடிகாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். டிரம் நிறையும் வரை குழந்தை அழுதுகொண்டே கிடக்கும். அப்புறம் பெரியவனுக்கு டப்பா கட்ட வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் குடித்த குழந்தைக்கு அடுத்த பால் ஏழரைக்குத்தான். சாயங்காலம் சமையல் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா டப்பாப் பால் கலந்து கொடுத்துவிடுவார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஆறு தடவைதான் மார்பில் போட்டிருக்கிறார். பிறந்த சில வாரங்களில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும். பால் வெளியே போகப் போகத்தான் புதுப் பால் சுரக்கும். தேங்கி நின்றால், இவ்வளவு போதும் என்று உடம்பு தானாகவே குறைத்துக்கொள்ளும்.

அந்த வீட்டில் மாற்றியது மிகச் சின்ன விஷயம். நாலே முக்காலுக்கு எழுந்து, படுத்தவாக்கிலேயே ஒரு தடவை கொடுத்துவிடுவது. தண்ணீர் பிடிப்பது கணவர் பொறுப்பு. தண்ணீர் வரும் நேரத்தில் அவரும் வீட்டில்தான் இருந்தார், தூங்கிக்கொண்டு! பக்கத்து வீட்டு அக்காவிடம் பாட்டிலுக்குப் பதில் வேறு உதவி கேட்கச் சொன்னேன்: “அக்கா, நீங்க சோத்தை வடிச்சுடுங்க, நான் பால் குடுத்துட்டு வர்றேன்.” உதவி செய்ய வருகிறவர்கள் முதலில் குழந்தையைத்தான் வாங்கிக்கொள்வார்கள். நமக்கு வேண்டியது சமையலும் பாத்திரமும் துணியும் நம் கையிலிருந்து போவது.

படுத்துக்கொண்டு கொடுப்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் திட்டுவார்கள், காதுக்குள் பால் போய்விடும் என்று. சரியாகப் படுத்தால் அப்படி ஒன்றும் ஆகாது. நீங்கள் ஒருக்களித்துப் படுங்கள். குழந்தையையும் உங்கள் பக்கம் முழுசாகத் திருப்பி, வயிறும் வயிறும் ஒட்டும்படி வையுங்கள். வாய் பெரிதாகத் திறக்கும் வரை காத்திருந்து அணைத்தால் காம்பு மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள கருவட்டமும் பெரும்பகுதி உள்ளே போகும். தாடை மார்பைத் தொட்டிருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். விழுங்குகிற சத்தம் கேட்கும். குடிக்கும் நேரமெல்லாம் காம்பு வலித்தால் பிடிப்பு சரியில்லை. சுண்டு விரலை வாயோரம் விட்டு எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். தலையணை, போர்வையெல்லாம் குழந்தை முகத்துக்குத் தள்ளியே இருக்கட்டும். குடித்துவிட்டு வந்தவர் அருகே குழந்தையைப் படுக்க வைக்கவே கூடாது.

முலுண்ட், கார்கர் பக்கத்து ஃபிளாட்டுகளில் கதை வேறு. அங்கே காசு கொடுத்து மாலிஷ் செய்ய, குழந்தையைப் பார்க்க ஜாபா பாய் என்கிற பிரசவ உதவிப் பெண்ணை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல உதவிதான். ஆனால் “மேடம் தூங்கட்டும்” என்று ராத்திரி முழுக்க அவரே பாட்டில் கொடுத்தால் சிக்கல். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம் ஊறும். இரவில் குழந்தையை உங்களிடம் கொண்டுவந்து தரச் சொல்லுங்கள். ஏப்பம் எடுப்பதும் துணி மாற்றுவதும் அவர் வேலை. பகலில் அவர் பார்த்துக்கொள்ளும்போது நீங்கள் தூங்குங்கள்.

இன்னொரு கூட்டம் மூன்றாம் மாதம் வருகிறது. தாய்வீட்டில் இருந்துவிட்டு, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் குழந்தையோடு இறங்கியவர்கள். “ஊர்ல நல்லா இருந்துச்சு, மும்பை தண்ணி ஒத்துக்கலை, பால் வத்திடுச்சு.” தண்ணீர் மேல் பழி போடாதீர்கள். முதல் சில வாரம் மார்பு கனத்து, கட்டி, ரவிக்கை நனையும். அப்புறம் குழந்தை குடிக்கிற அளவுக்கு ஏற்ப உடம்பு பழகிவிடும், மார்பு தளர்ந்துபோகும். குழந்தையும் தேர்ந்துவிட்டதால் அரை மணி குடித்தது பத்து நிமிஷத்தில் முடித்துவிடும். ஊரிலிருந்து அம்மா தினமும் வீடியோ காலில் “பால் இருக்கா?” என்று கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. இங்கே வந்ததும் வீட்டு வேலையும் தனியாகத் தலையில் விழுகிறது. சந்தேகத்தில் ஒரு பாட்டில் உள்ளே வந்தால் அடுத்த வாரம் இரண்டாகும்.

பால் போதுமா என்று மார்பைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, பிழிந்து பார்த்தும் முடியாது. பிறந்து ஐந்து நாள் கழிந்தபின், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நாளைக்கு ஆறு தடவையாவது வெளிறிய சிறுநீர் போக வேண்டும். பிறந்த எடை முதல் வாரத்தில் கொஞ்சம் குறைவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அதன்பின் முதல் சில மாதங்கள், மாதத்துக்கு 500 கிராமுக்குக் குறையாமல் ஏற வேண்டும். தடுப்பூசிக்குப் போகும்போது எடை பார்த்து அட்டையில் எழுதி வாங்குங்கள். சாயங்காலம் விடாமல் அழுது, விடாமல் குடிப்பது பல குழந்தைகளின் பழக்கம். அதை வைத்துப் பால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எடை நிஜமாகவே ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் டப்பாப் பால் எழுதினால் டப்பாவில் போட்ட அளவுப்படியே கலக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க நீர்க்கக் கலந்து, குழந்தை மெலிந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் வரை தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது.

பத்தியம் பற்றி எனக்குச் சண்டையில்லை. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு தாராளமாகச் சாப்பிடுங்கள், வயிறு நிறைந்தால் நல்லதே. ஆனால் தாய்க்குத் தண்ணீர் குறைத்துக் கொடுப்பது தவறு. தாகத்துக்கு வேண்டிய அளவு குடிக்கட்டும்.

கணவருக்கு ஒரு வேலை: பாலாடை, அதாவது மூக்கு வைத்த சின்னப் பால் கிண்ணம். கையால் பீய்ச்சிய பாலை அதில் ஊற்றி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து உதட்டோரம் வைத்து, அது விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும். பாட்டிலைவிடக் கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம். பீய்ச்சிய பால் 25 டிகிரி வரை இருக்கும் அறையில் நாலு மணி நேரம் தாங்கும். மும்பை வெக்கையில் அதை நம்ப வேண்டாம், உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். அங்கே நாலு நாள் வரை இருக்கும். குழந்தை இன்குபேட்டரில் இருந்தாலும் பீய்ச்சுவதை நிறுத்தக் கூடாது. சயான் மருத்துவமனையில் 1989-ல் தொடங்கிய பால் வங்கிதான் ஆசியாவிலேயே முதலாவது. இப்படிக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்காக, பால் அதிகமுள்ள தாய்மார்கள் அங்கே தருகிறார்கள்.

மார்பு சிவந்து, கட்டியாகி, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். அந்தப் பக்கமும் பால் கொடுக்கலாம், நிறுத்தினால்தான் கட்டி மோசமாகும். குழந்தை எழுப்பினாலும் எழாமல், குடிக்காமல் துவண்டு கிடந்தால் ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பிரசவமாகி இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அது சோம்பலோ திமிரோ இல்லை. மாமியார்கள் இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வேலைக்குப் போகிறவர்கள் 26 வார விடுப்பு முடியும் வரை காத்திருக்காமல், ஒரு மாதம் முன்பே ஹெச்ஆருக்கு மெயில் போடுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு இடைவேளை பாலூட்டச் சட்டம் தருகிறது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். பீய்ச்சுவதற்குத் தாழ்ப்பாள் உள்ள அறையும், பால் வைக்க ஃபிரிட்ஜில் ஒரு தட்டும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். பாத்ரூமில் போய்ப் பீய்ச்சச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.