ஸ்பிதிக்குப் போனால் ஏன் அடிக்கடி சிறுநீர் வருகிறது?

"மணாலியிலிருந்து ஒரே நாளில் காஜா போய்ச் சேர்ந்தோம். முதல் நாள் எல்லோருக்கும் அடிக்கடி சிறுநீர் வந்தது. இரவில் என் கணவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. பயந்துபோய் எழுப்பினால், நன்றாகத்தானே இருக்கிறேன் என்கிறார். இது என்ன நோய்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நோய் இல்லை. உடல் உயரத்துக்குப் பழகிக்கொள்கிறது; இரண்டும் அந்த ஒரே வேலையின் இரண்டு அறிகுறிகள். ஸ்பிதிப் பள்ளத்தாக்கு, அதன் முக்கிய ஊரான காஜா என்று இமாச்சலப் பிரதேசத்தின் உயரமான பகுதிகளுக்குப் போகிறவர்களும், வேலை மாற்றலாகி அங்கே குடியேறுகிறவர்களும் இந்த வேலை என்னவென்று புரிந்துகொண்டால், எந்த வழியாகப் போவது, எங்கே எத்தனை இரவு தங்குவது என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

மலைமேல் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் அழுத்தம், சுமார் 3,650 மீட்டர் உயரத்திலுள்ள காஜாவில் ஏறத்தாழ 490. மூச்சுக்குழாயில் காற்று ஈரமாகும்போது நீராவி 47 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்கிறது. இந்த 47 சென்னையிலும் அதேதான், எவரெஸ்ட்டிலும் அதேதான். மீதியில் 21 சதவீதம் என்று கணக்குப் போட்டால், உள்ளே போகும் ஆக்சிஜனின் அழுத்தம் சென்னையில் 149, காஜாவில் 93.

இனிமேல்தான் அழகான இடம். நுரையீரலின் நுண்ணறைகளில் ஆக்சிஜனோடு கார்பன் டை ஆக்சைடும் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறது. அதன் இயல்பான அழுத்தம் 40. உடல் எடுக்கும் ஆக்சிஜனைவிட விடும் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் குறைவு என்பதால், அந்த 40-க்கு ஈடாக ஆக்சிஜனில் சுமார் 50 குறையும். சென்னையில் 149-லிருந்து 50 போனால் 99 மிஞ்சும், கவலையில்லை. காஜாவில் 93-லிருந்து 50 போனால் மிஞ்சுவது வெறும் 43. அந்த அளவில் ரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவு, அதாவது ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைச் சுமக்கும் பங்கு, 80 சதவீதத்துக்குக் கீழே போய்விடும்.

உடல் என்ன செய்கிறது? வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கி, கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுகிறது. அது 40-லிருந்து 30-க்கு இறங்கினால், ஆக்சிஜன் 43-லிருந்து 55-க்கு ஏறும். வெளிக்காற்று மாறவில்லை, உள்ளே இருந்த குப்பையை அகற்றியே இடம் கிடைத்துவிட்டது. இந்தப் 12 மில்லிமீட்டர் சின்ன லாபமாகத் தோன்றலாம். ஆனால் ஆக்சிஜன் அழுத்தம் கொஞ்சம் ஏறினாலே நிறைவு வேகமாகக் கூடும் பகுதியில் (ஹீமோகுளோபின் வளைகோட்டின் செங்குத்தான பகுதி) இது வருவதால், நிறைவு 90 சதவீதத்தை ஒட்டி ஏறிவிடுகிறது. 1981-ல் எவரெஸ்ட் உச்சியில் ஓர் ஆய்வுக்குழு அளந்தபோது காற்றழுத்தம் 253, ஏறியவரின் நுண்ணறைகளில் கார்பன் டை ஆக்சைடு 7.5. அங்கே போய் அது 40-ஆகவே இருந்திருந்தால், கணக்குப்படி ஆக்சிஜன் பூஜ்யத்துக்கும் கீழே.

அப்படியானால் காஜாவில் இறங்கியதுமே வேண்டிய அளவு மூச்சு வாங்கிக்கொண்டால் போதாதா? முடியாது. தடுக்க ஒரு பிரேக் இருக்கிறது.

மூச்சுக்கு இரண்டு காவலர்கள். ஒருவர் கழுத்தின் இருபக்கமும் தமனி பிரியும் இடத்தில், அரிசிமணி அளவில் இருக்கும் கரோட்டிட் உறுப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் 'வேகமாக மூச்சு விடு' என்று சொல்வது அதுதான். இதைக் கண்டறிந்ததற்காகத்தான் பெல்ஜியத்தின் கார்னேய் ஹேமன்ஸுக்கு 1938-ம் ஆண்டின் நோபல் பரிசு. இன்னொருவர் மூளையின் முகுளத்தில் இருக்கிறார். அவருக்கு ஆக்சிஜனைப் பற்றிய அக்கறையே கிடையாது. சுற்றியுள்ள திரவத்தின் அமிலத்தன்மையை மட்டும் பார்க்கிறார். வேகமாக மூச்சு வாங்கிக் கார்பன் டை ஆக்சைடைக் கழித்தால் ரத்தமும் மூளைத் திரவமும் காரமாகும். உடனே அவர் 'போதும், நிறுத்து' என்கிறார். கழுத்திலிருப்பவர் முடுக்க, முகுளத்திலிருப்பவர் பிரேக்கை மிதிக்க, முதல் நாள் முழுக்க உடல் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

பிரேக்கை விடுவிப்பது சிறுநீரகம். காரம் கூடியதைக் கண்டு, வழக்கமாக வடிகட்டிப் பத்திரமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பைகார்பனேட் என்ற காரப்பொருளை இப்போது சிறுநீரிலேயே விட்டுவிடுகிறது. பைகார்பனேட் தனியாகப் போகாது. சோடியத்தையும் தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். வாசகியின் குடும்பம் அடிக்கடி எழுந்து போனது இதனால்தான். அது நல்ல அறிகுறி. கெமிஸ்ட்ரி ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டுக் காரத்தைச் சமன்செய்வோமே, அதையே சிறுநீரகம் எதிர்த்திசையில், காரத்தைக் கழித்துச் செய்கிறது. ரத்தம் சமநிலைக்குத் திரும்பத் திரும்ப, முகுளத்தின் பிரேக் தளரும், மூச்சு இன்னும் கொஞ்சம் கூடும், ஆக்சிஜனும் கூடும். சில மணி நேரத்தில் தொடங்கும் இந்த வேலை பெருமளவு முடிய நான்கு நாள் முதல் ஒரு வாரம் ஆகும். அவசரப்படுத்த முடியாது.

மலையில் இருந்தால் ரத்தம் ஊறும், அதனால் பழகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். முதல் நாட்களில் ஹீமோகுளோபின் அளவு கூடித் தெரிவதற்குக் காரணம், ரத்தத்தின் நீர் சிறுநீராகக் கழிந்து அது கெட்டிப்படுவதுதான். முதல் வாரத்தைக் காப்பாற்றுவது மூச்சு.

இப்போது கணவரின் தூக்கத்துக்கு வருவோம். விழித்திருக்கும்போது மூளையின் மற்ற பகுதிகளும் மூச்சுக்குத் தாங்கல் கொடுக்கின்றன. தூங்கியதும் கட்டுப்பாடு முழுக்க இந்த இரண்டு காவலர்களிடம் போய்விடுகிறது. கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே குறைவாக இருப்பதால், முகுளம் மூச்சையே நிறுத்திவிடுகிறது. பத்துப் பதினைந்து விநாடி அமைதி. அதற்குள் ஆக்சிஜன் இறங்க, கழுத்திலிருப்பவர் அலறுகிறார், நாலைந்து பெருமூச்சுகள். அவை கார்பன் டை ஆக்சைடை மறுபடியும் துடைத்துவிட, மறுபடியும் அமைதி. இந்த உயரத்தில் ஏறத்தாழ எல்லோருக்குமே கொஞ்சமாவது இப்படி நடக்கும். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மந்தமாக்குவதால் முதல் இரவுகளில் அவற்றைத் தொடக்கூடாது.

மலைக்குப் போகுமுன் தடுப்பாகப் போடும் அசிட்டசோலமைடு மாத்திரை வேலை செய்வதும், பைகார்பனேட்டைக் கழிக்கும் அந்தச் சிறுநீரக வேலையில்தான். சிறுநீரகம் பைகார்பனேட்டைத் திரும்ப எடுக்க உதவும் நொதியை அது முடக்குகிறது. அதாவது சிறுநீரகம் சில நாளில் செய்யும் வேலையை ஒரு நாளில் தொடங்கி வைக்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், தினம் இருவேளை. ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி, தங்குமிடம் சேர்ந்த பின்னும் இரண்டு நாள். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போடவே கூடாது. விரல்நுனி மரமரக்கும், சோடா குடித்தால் சுருக்கென்று இருக்காது, ஏனென்றால் நாக்கில் அந்தச் சுருக்கை உண்டாக்குவதும் அதே நொதிதான்.

சிறுநீர் போனால் சரியாகிவிடும் என்றால் எந்தச் சிறுநீர் மாத்திரையும் போதுமே என்று தோன்றும். 1960-களில் அப்படித்தான் ஃபுரோசமைடு கொடுக்கப்பட்டது. பிறகு கைவிட்டார்கள். அது உப்பையும் நீரையும் கழிக்கும், பைகார்பனேட்டைக் கழிக்காது; ஏற்கெனவே வறண்ட உடல் இன்னும் வறளும், பிரேக்கும் தளராது.

கற்பூரத்தைத் துணியில் கட்டி முகர்வதும் இதே வகை. மூக்கிலுள்ள உணர்நரம்புகளைத் தூண்டி, காற்று தாராளமாக உள்ளே போவதுபோன்ற உணர்வை அது தரும். ஆக்சிஜன் துளியும் கூடாது. உணர்வு தேறிவிட்டதென்று நம்பி மேலே ஏறுவதுதான் ஆபத்து. குழந்தைகள் அதை வாயில் போட்டால் வலிப்பு வரும். கடைகளில் விற்கும் 10 லிட்டர் ஆக்சிஜன் டப்பா, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 5 நிமிடம் வரும். அதற்குச் செலவிடும் பணத்தில், வழியில் தாழ்வான கல்பாவில் இன்னோர் இரவு தங்கலாம்.

ஆம், வழி முக்கியம். மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து கிளம்பி அன்றிரவே சந்திரதால் ஏரிக்கரையில் கூடாரத்தில் தங்கினால், சுமார் 4,250 மீட்டருக்கு ஒரே தாவல். 3,000 மீட்டருக்கு மேல் தூங்குமிடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்பது மருத்துவ விதி. சிம்லா 2,200-ல் தொடங்கி, கல்பா 2,960-ல் இரண்டு இரவு, தாபோ 3,280-ல் ஒன்றிரண்டு, பிறகு காஜா என்று கின்னௌர் வழியாகப் போனால் விதி தானே நிறைவேறுகிறது. லாங்சா, ஹிக்கிம், கோமிக் எல்லாம் 4,400 மீட்டரும் அதற்கு மேலும். மூன்றாம் நாளுக்குப் பிறகு பகலில் போய்விட்டுக் காஜாவுக்கே இறங்கித் தூங்குங்கள். சந்திரதாலைக் கடைசியில் வைத்துக்கொண்டு மணாலியில் இறங்கலாம்.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி சேர்ந்தால் அது மலைநோய், அன்றைக்கு ஏறக்கூடாது. குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, இருமல் என்றால் நுரையீரலில் நீர். இது பெரும்பாலும் இரண்டாவது இரவில் வரும். இந்த இரண்டிலும் கிடைத்தால் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே, விடியும்வரை காத்திராமல் கீழே இறக்க வேண்டும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: காஜாவிலோ, மணாலி வழியில் அதற்கும் மேலே இருக்கும் லோசர் கிராமத்திலோ நோய்ப்பட்டவரை, பெரிய ஊர் என்று மணாலிப் பக்கம் கொண்டுபோகிறார்கள். நடுவில் குன்சும் கணவாய், சுமார் 4,550 மீட்டர். இறங்க வேண்டியவரை ஏற்றுகிறோம்! லோசரிலிருந்து காஜா மருத்துவமனைக்கும், அங்கிருந்து தேவைப்பட்டால் தாபோ பக்கமும்தான் இறக்கம். சந்திரதாலில் இருப்பவர்களுக்கு மட்டும் குன்சும் ஏறாமலே மணாலிக்கு இறங்கும் சாலை உண்டு.

மலைநோயைப் பற்றிய ஆரம்பகாலப் பேராய்வுகளில் ஒன்று நம் நாட்டினுடையது: இமயத்துக்கு அனுப்பப்பட்ட 1,925 இந்தியப் படைவீரர்களைப் பற்றி 1969-ல் வெளியானது. படைவீரர்களுக்கு இன்று 9,000 அடியிலேயே ஆறு நாள் பழகும் விதி உண்டு. ஆனால் ஜார்க்கண்டிலிருந்து வந்து அதே உயரங்களில் சாலை போடும் தொழிலாளிக்கு? அதிகம் ஆராயப்பட்டவர்கள் வீரர்களும் மலையேறிகளும்தான். அந்தத் தொழிலாளிகளையும், கர்ப்பிணிகளையும், சர்க்கரை நோயாளிகளையும் ஆராய அரசு பணம் ஒதுக்குவது எந்தச் சுற்றுலாத் திட்டத்தையும்விட அவசரம் என்பது என் உறுதியான கருத்து.

குடியேறுகிறவர்களுக்கு ஒன்று. பழகியது நிலைக்காது. பொங்கலுக்கு ஊருக்கு வந்து சில வாரம் இருந்தால், சிறுநீரகம் பைகார்பனேட்டைப் பழைய அளவுக்கே சேர்த்து வைத்துவிடும். பல வருடம் மலையில் இருந்தவர்களுக்கும் இப்படித் திரும்பும்போது நுரையீரலில் நீர் கோத்ததுண்டு. ஆகவே திரும்பும்போதும் கல்பாவில் இரண்டு இரவு.