டிஸ்க் இல்லாத நாளையும் நினைத்து எழுதுங்கள்

ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்து காலையிலேயே போன். "சர்வர் எழும்பவே மாட்டேங்குது சார்." போய்ப் பார்த்தால், கறுப்புத் திரையில் ஒன்றரை நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் எமர்ஜென்சி மோடுக்குப் போய் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிட்டது. சர்வரில் ஒரு கோளாறும் இல்லை. முந்தின நாள் மாலை யாரோ பேக்கப் யூஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள். ராத்திரி மின்சாரம் போய் வந்ததில் சர்வர் ரீபூட் ஆகியிருக்கிறது. அவ்வளவுதான்.

டெஸ்க்டாப் லினக்ஸில் லாகின் செய்து உட்கார்ந்திருக்கும்போது டிஸ்க்கைச் செருகினால் தானாக மவுன்ட் ஆகிவிடும், அதாவது ஒரு ஃபோல்டரில் இணைந்து பயன்பாட்டுக்கு வந்துவிடும். யூடிஸ்க்ஸ் என்ற சேவை அதைப் பார்த்துக்கொள்ளும். திரையில்லாத சர்வரில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. அதனால் எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி சேர்க்கிறோம். அங்கேதான் சிக்கல். வேறு எதுவும் சொல்லாவிட்டால், அந்த வரியில் உள்ள டிஸ்க் இருந்தே ஆக வேண்டும் என்று, லினக்ஸை எழுப்பும் புரோகிராமான சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். வழக்கமாக 90 விநாடி காத்திருக்கும். டிஸ்க் வராவிட்டால் மேலே போகாது. ‘நோஃபெயில்’ என்ற ஒரே சொல் அந்த வரியில் இருந்திருந்தால் சர்வர் தன்பாட்டுக்கு எழும்பியிருக்கும்.

எஸ்டிபி1 என்று டிவைஸ் பெயரையும் எழுதாதீர்கள். இன்னொரு பென்டிரைவ் முன்னால் செருகியிருந்தால் அந்தப் பெயர் அதற்குப் போய்விடும். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடி என்ற மாறாத அடையாள எண்ணை எழுதுங்கள்.

நோஃபெயில் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பெரிய பயமே இதற்குப் பிறகுதான். டிஸ்க் இல்லாவிட்டாலும் மவுன்ட் செய்ய வைத்த ஃபோல்டர் காலியாக அங்கேயே இருக்கும். ராத்திரி பேக்கப் ஸ்கிரிப்ட் அதற்குள் எழுதும். ஒரு பிழையும் காட்டாது. எழுதுவதெல்லாம் சர்வரின் சொந்த டிஸ்க்கில் போய் விழும்.

ஓரிடத்தில் இப்படி, சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் நிரம்பி டேட்டாபேஸே நின்றுபோனது. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை நூறு சதவீதம் என்கிறது. ஃபைல்களின் அளவைக் காட்டும் டியூ கட்டளையில் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. மீதி எங்கே? அதற்குள் யாரோ டிஸ்க்கைத் திரும்பச் செருகி மவுன்ட் செய்திருந்தார்கள். கீழே விழுந்திருந்த ஃபைல்களை அது மூடி மறைத்துவிட்டது. அன்மவுன்ட் செய்து பார்த்தபோது அத்தனை நாள் பேக்கப்பும் அங்கே கிடந்தது. அந்த நாட்களில் சர்வர் டிஸ்க் பழுதாகியிருந்தால் மூலமும் போயிருக்கும், பிரதியும் போயிருக்கும். இதை நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது.

அதனால் இப்போதெல்லாம் பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வேலையாக, ஃபோல்டரில் ஏதாவது மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று சொல்லும் மவுன்ட்பாயின்ட் கட்டளையை வைக்கிறேன். டிஸ்க் உண்மையாகவே மவுன்ட் ஆகவில்லை என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று மெயில் அனுப்ப வேண்டும். கூடவே, டிஸ்க் இல்லாத நிலையில் அந்தக் காலி ஃபோல்டரை, மாற்ற முடியாதபடி ஆக்கும் சிஎச்ஏடிடிஆர் +i கட்டளையால் பூட்டிவிடுகிறேன். இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் அப்படிப் பூட்டினால் ரூட்கூட அதற்குள் எழுத முடியாது. அதன்மேல் டிஸ்க்கை மவுன்ட் செய்யத் தடையில்லை.

எஃப்எஸ்டேப்பில் கைவைத்த அன்றே, இயந்திரத்தின் முன்னால் நீங்கள் இருக்கும்போதே, டிஸ்க்கை முறையாக அன்மவுன்ட் செய்து கழற்றிவிட்டு ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். எழும்புகிறதா என்று பாருங்கள். பேக்கப் ஸ்கிரிப்டையும் கையால் ஓட்டி, அது மறுக்கிறதா என்று பாருங்கள். மறுத்த பிறகு டிஸ்க்கைச் செருகுங்கள்.