அசுவினியை ஆள் பார்த்துத் தடுக்கும் கொடி

"தேனாய் இனிக்கும் முலாம்பழம் கிடைக்கும்போது நாட்டு வெள்ளரிப்பழத்தைப் போற்றிப் பாதுகாக்க என்ன அவசியம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். பழுத்தால் வெடிக்கும், சதை மாவு மாவாக உதிரும், நாட்டுச் சர்க்கரை தூவாமல் தொண்டையில் இறங்காது.

ஆனால் இரண்டும் ஒரே இனம், குக்குமிஸ் மெலோ. இரண்டுக்கும் 24 குரோமோசோம்கள். (சாலட்டுக்கு நறுக்கும் வெள்ளரி வேறு இனம், அதற்கு 14தான்.) அதனால் வெள்ளரிப்பழமும் முலாம்பழமும் தாராளமாகக் கலக்கும், வெள்ளரிப்பழத்தின் மரபணுவை முலாம்பழத்துக்குக் கொண்டுபோகலாம். 2019இல் 1,175 ரகங்களின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட ஆய்வு, மனிதர்கள் இந்தப் பயிரைக் குறைந்தது மூன்று முறை தனித்தனியாகப் பழக்கியிருக்கிறார்கள் என்றது. ஆப்பிரிக்காவில் ஒரு முறை, இந்தியாவில் இரண்டு முறை. நம்மூர் ரகங்களில் இத்தனை வகை இருப்பதில் ஆச்சரியமில்லை.

அந்த வகைகளின் அருமை கலிபோர்னியாவுக்கு 1920களிலேயே தெரிந்துவிட்டது. அங்கே இம்பீரியல் பள்ளத்தாக்கில் சாம்பல் நோய் என்ற பூஞ்சை நோய் முலாம்பழத் தோட்டங்களை அழித்தபோது, தாக்குப்பிடித்தது இந்தியாவிலிருந்து போன விதை. அதைக் கலந்து உருவாக்கிய 'பிஎம்ஆர் 45' என்ற முலாம்பழ ரகம் 1936இல் வெளிவந்தது. இரண்டே வருடத்தில் பூஞ்சை புது வடிவில் வந்து அதையும் வீழ்த்த, மறுபடி தேடல்.

சரி, எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி ஒரு இலையில் உட்கார்ந்ததும் ஊசிபோன்ற வாயால் மேல்தோல் செல்களைக் குத்திச் சுவை பார்க்கும். அது சுமந்துவரும் வெள்ளரி மொசைக் வைரஸ் உள்ளே புக அந்தச் சில நொடிகளே போதும். மருந்து அடித்தும் பெரிய பலன் இருக்காது, அசுவினி சாவதற்குள் வேலை முடிந்திருக்கும். இந்திய வெள்ளரிப்பழ வகை ஒன்றிலும் கொரிய ரகம் ஒன்றிலும் 'வேட்' என்ற மரபணு இருக்கிறது. அது உள்ள செடியில் பருத்தி அசுவினி என்ற வகை குத்தினால், அந்தப் பூச்சி குத்தியதைச் செடி உணர்ந்துகொள்கிறது. குத்திய இடத்தைச் சுற்றிச் செல்சுவரில் காலோஸ், லிக்னின் என்ற கெட்டிப்படுத்தும் பொருள்கள் படிகின்றன. அங்குள்ள சில செல்கள் தாமாகவே மடிகின்றன. கூட வந்த வைரஸ் அந்தப் பிணங்களுக்குள்ளேயே முடங்கிவிடுகிறது.

வேடிக்கை இனிமேல்தான். அதே வைரஸைக் கையால் இலையில் தேய்த்தால் செடிக்கு நோய் வருகிறது. பீச் அசுவினி என்ற வேறு வகை கொண்டுவந்தாலும் வருகிறது. செடிக்கு வைரஸைத் தெரியாது, தெரிந்ததெல்லாம் பருத்தி அசுவினியைத்தான். திருடனின் முகம் தெரியாத காவலாளி, அவனை ஏற்றிவரும் ஆட்டோவைப் பார்த்ததுமே கேட்டைப் பூட்டுகிற மாதிரி. ஆட்டோ ஒன்றுதான் என்பதால், அதில் ஒன்றுக்கொன்று உறவில்லாத வைரஸ்கள் ஏறி வந்தாலும் சேர்ந்தே தடைபடுகின்றன.

ஆக, ருசியில்லாத பழம் என்று ஒதுக்கினால் இந்த மரபணுவும் சேர்ந்து போய்விடும். கொடி சுருண்டால் கண்ணேறு என்று பூசணி உடைப்பதற்கு ஆகும் செலவில் பாதியாவது விதை சேகரிப்புக்குப் போகலாம் என்பது என் கட்சி. டெல்லியில் தேசிய மரபணு வங்கி இருக்கிறது, ஆனால் குளிரில் வைத்த விதையும் மெல்ல மெல்ல முளைப்புத் திறனை இழக்கும். அவ்வப்போது விதைத்துப் புதுப்பிக்கக் கூலி வேண்டும், வயல் வேண்டும். கட்டடத்துக்கு நிதி கேட்டால் கிடைக்கிற நாட்டில் கூலிக்குக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

கேட்ட வாசகர் வீட்டில் விதை எடுப்பவராக இருந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். பக்கத்தில் முலாம்பழக் கொடி இருந்தால் தேனீ கலந்துவிடும். நாளை மலரப்போகும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் முந்தின நாள் மாலையே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து மகரந்தத்தைத் தடவி, பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் ஓர் அடையாளத் துணி முடிந்துவையுங்கள். அந்தக் காயிலிருந்து மட்டும் விதை எடுங்கள்.