மோடம் இயக்கி: எது இணக்கி, எது இயக்கி?

லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் ஒரு 4ஜி மோடத்தைச் செருகுகிறோம். விளக்கு எரிகிறது, இணையம் மட்டும் வரவில்லை. யாரைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ‘மோடத்துக்கு டிரைவர் இல்லை.’ இந்தச் சின்ன வாக்கியத்தில் இரண்டு கடன் சொற்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் தமிழில் சொல் உண்டு. மோடத்துக்கு இணக்கி, அதைக் கணினியோடு சேர்ந்து வேலை செய்ய வைக்கும் மென்பொருளான டிரைவருக்கு இயக்கி. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் செல்பேசி மோடங்களுக்குக் கட்டற்ற மென்பொருளில், அதாவது மூலநிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருளில், இயக்கி எழுதும் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தபிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இந்த இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி வைத்துவிட்டோமோ?

முதலில் மோடம். மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் முன்பகுதிகளை ஒட்டிச் செய்த சொல் இது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ‘அளவு’ என்று பொருள்படும் மோடுஸ் என்ற லத்தீன் சொல். அதிலிருந்து பிறந்த வினைக்கு, தாளத்துக்கு அளந்து இசைத்தல் என்ற பொருளும் உண்டு. நம் மேல்நிலை இயற்பியல் பாடநூல் மாடுலேஷனைப் பண்பேற்றம் என்கிறது. எதிர்வேலைக்குப் பண்பிறக்கம். செய்தியைச் சுமந்து செல்லும் அலைக்கு ஊர்தி அலை. பள்ளிப் பாடநூல் தந்த கலைச்சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றும்தான். ஊர்தி புறப்படும் இடத்தில் ஏற்றுகிறோம், சேரும் இடத்தில் இறக்குகிறோம். ஆனால் ஏறுவது மூட்டை அல்ல, ஊர்தியின் பண்பே மாறுகிறது. அலைக்கு வீச்சு, அதிர்வெண், கட்டம் என்று பண்புகள் உண்டு. செய்திக்குத் தக்கபடி அவற்றில் ஒன்றையோ இரண்டையோ மாற்றுவதுதான் பண்பேற்றம்.

1960-களின் தொடக்கத்தில் வந்த பெல் 103 மோடத்தை எடுத்துக்கொள்வோம். தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 300 பிட் அனுப்பியது. அழைக்கும் பக்கம் 0 அனுப்ப வேண்டுமானால் 1070 ஹெர்ட்ஸில் ஓர் ஒலி, 1 அனுப்ப வேண்டுமானால் 1270 ஹெர்ட்ஸில் ஓர் ஒலி. பதில் சொல்லும் பக்கம் 2025, 2225 ஹெர்ட்ஸ். ஆகவே இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேச முடிந்தது. அவ்வளவுதான் பண்பேற்றம். இன்றைய 4ஜி மோடமும் செய்வது இதையேதான், அளவுதான் வேறு. வீச்சையும் கட்டத்தையும் சேர்த்து 64 நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் ஆறு பிட்டுகளை ஏற்றிவிடுகிறது.

அப்படியானால் மோடத்துக்குச் சரியான தமிழ் ‘பண்பேற்றி இறக்கி’ என்றுதானே இருக்க வேண்டும்? பொருளில் பிழை இல்லை. ஆனால் வாயில் நிற்காது. ஆங்கிலக்காரர்களுக்கும் முழுச்சொல் நீளமாகப்பட்டதால்தான் வெட்டி ஒட்டினார்கள். நம் கலைச்சொல் ஆக்கியவர்கள் வேறு வழியில் போனார்கள். கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை விட்டுவிட்டு, அதனால் என்ன நடக்கிறது என்பதைப் பிடித்தார்கள். எண்ணிம மொழி பேசும் கணினியும் அலை மொழி பேசும் கம்பியும் ஒத்துப்போக வேண்டும், அவற்றை இணங்க வைப்பது இணக்கி.

இணங்கு என்பது தன்வினை, தானாக ஒத்துப்போவது. நடுவில் உள்ள மெல்லினம் வல்லினமானால் அது பிறவினை: இணக்கு, அதாவது ஒத்துப்போக வை. அடங்கு அடக்கு, முடங்கு முடக்கு, திருந்து திருத்து எல்லாம் இதே வாய்ப்பாடு. இணக்கு என்பதோடு ‘இ’ சேர்ந்தால் செய்யும் கருவியின் பெயர் கிடைக்கிறது. மூடுவது மூடி, இணக்குவது இணக்கி. இயக்கியும் அப்படியே வந்தது. இயங்கு, இயக்கு, இயக்கி. ஒரு மெய்யெழுத்து மாறுவதில் ‘தானாக நடப்பது’ ‘இன்னொன்றால் நடத்தப்படுவது’ ஆகிவிடுகிறது. டிரைவர் என்ற கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எந்த மொழியிலும் கிடைக்காது என்றே நினைக்கிறேன். சாதனம் தானாக இயங்காது, ஏதோ ஒன்று அதை இயக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் மாடு ஓட்டுகிறவனிடமிருந்தும் வண்டி ஓட்டுகிறவனிடமிருந்தும் கணினிக்கு வந்தது. தமிழில் பேருந்தை ஓட்டுபவர் ஓட்டுநர், இலங்கையில் சாரதி. மென்பொருளுக்கு அந்த இரண்டையும் எடுக்காமல் இயக்கி என்று தனியாக வைத்தது நல்ல முடிவு. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கோப்புகளை வைக்கும் ‘டிரைவ்’ இயக்ககம் ஆகிவிட்டது. இயக்கி, இயக்ககம் இரண்டும் ஒரே திரையில் வந்தால் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அப்புறம் இன்னொரு இயக்கியும் தமிழில் இருக்கிறாள். யட்சி என்பதன் தமிழ் வடிவம் இயக்கி, அதுவே பேச்சில் இசக்கி ஆனது. கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் கோயில் கொண்டிருக்கும் இசக்கியம்மன் அவள்தான். எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. அந்தப் பக்கத்துக்காரர் ஒருவரிடம் ‘இயக்கி கிடைக்கவில்லை’ என்று நான் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நொடி வந்து போன திகைப்பு இன்னும் நினைவில் இருக்கிறது.

சரி, செல்பேசி மோடத்துக்கு வருவோம். ‘செல்’ என்பதற்குச் சின்ன அறை என்று பொருள். ஒரு பரப்பை அறுகோண அறைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோபுரம் வைக்கலாம் என்று பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் ரிங் 1947-இல் எழுதிய குறிப்பில் இருந்த கருத்துக்கு அமைந்த பெயர் அது. தமிழில் ‘செல்’ என்றால் போ என்று பொருள் இருப்பது தற்செயல். அந்தத் தற்செயலைப் பயன்படுத்தி, செல்லும் இடமெல்லாம் பேசுவது செல்லிடப்பேசி என்று ஆக்கியவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இனி நான் சொல்ல வந்தது. மோடத்தின் பண்பேற்ற வேலையை இயக்கியே செய்த காலம் ஒன்று உண்டு. 1990-களில் வின்மோடம் என்று மலிவாக விற்றார்கள். அட்டையில் சிப்பு குறைவு, கணக்குப் போடும் வேலை முழுதும் கணினியில் ஓடும் மென்பொருளுக்கு. அந்த மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும், மூலநிரலும் மூடியே இருந்தது. லினக்ஸ் பயனர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த மோடங்களில் இயக்கி என்ற சொல் எழுத்துக்கு எழுத்து உண்மை. இயக்கி இல்லாவிட்டால் அட்டை வெறும் தகடு.

இன்றைய செல்பேசி மோடம் அப்படி அல்ல. அது தனியாக ஒரு முழுக் கணினி. தனக்கென்று செயலி, நினைவகம், உள்ளேயே பதிந்து வரும் மென்பொருளான நிலைபொருள் எல்லாம் வைத்திருக்கிறது. பைன்போன் என்ற லினக்ஸ் கைபேசியில் இருக்கும் குவெக்டெல் இஜி25 மோடத்துக்கு உள்ளேயே இன்னொரு லினக்ஸ் ஓடுகிறது. கோபுரத்தைத் தேடுவது, பண்பேற்றுவது, இறக்குவது எல்லாம் அதன் உள்ளே நடக்கின்றன. வெளியே இருக்கும் ‘டிரைவர்’ அதனுடன் பேச மட்டுமே செய்கிறது.

அந்தப் பேச்சு எப்படி இருக்கும்? யுஎஸ்பி கம்பி ஒன்றுதான், ஆனால் அதற்குள் பல இடைமுகங்கள், அதாவது தனித்தனிப் பேச்சு வாசல்கள். அதே குவெக்டெல் நிறுவனத்தின் இசி25 வகையில் முதலாவது பழுதறிய, இரண்டாவது ஜிபிஎஸ் இடக்குறிப்புக்கு, மூன்றாவது கட்டளைக்கு, நான்காவது பழைய டயல்அப் பாணி இணைப்புக்கு, ஐந்தாவது வேகமான வலையிணைப்புக்கு. மூன்றாவதைத் திறந்து ‘ஏடி’ என்று தட்டினால் ‘ஓகே’ என்று பதில் வரும். டென்னிஸ் ஹேய்ஸின் நிறுவனம் 1981-இல் ஸ்மார்ட்மோடத்தில் வைத்த மொழி இது. ஏடி என்றால் ‘கவனி’ என்பதன் சுருக்கம். தொலைபேசிக் கம்பிக்குச் செய்த கட்டளை இன்றும் 4ஜி மோடத்தில் உயிரோடு இருக்கிறது. ‘ஏடி+சிஎஸ்கியூ’ என்று கேட்டால் சிக்னல் அளவு வரும். என் மேசையில் ‘18,99’ என்று வந்தது. முதல் எண் 0 முதல் 31 வரை. 18 என்றால் மைனஸ் 77 டெசிபல்மில்லிவாட், மோசமில்லை. இரண்டாவதாக வரும் 99, பிழை விகிதம் தெரியவில்லை என்று மோடம் சொல்வது.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இந்தத் தொடர் (சீரியல்) இடைமுகங்களைக் கவனிக்கும் இயக்கியின் பெயர் ‘ஆப்ஷன்’. பெயர் வந்தது பெல்ஜியத்தின் ஆப்ஷன் நிறுவனத்து அட்டைகளிலிருந்து. இப்போது எத்தனையோ நிறுவனங்களின் மோடங்கள் அதில் இருக்கின்றன. அந்தக் கோப்பைத் திறந்தால் பெரும்பகுதி பட்டியல்தான். தயாரிப்பாளர் எண், பொருள் எண், எந்த இடைமுகத்தைத் தொடக்கூடாது என்ற குறிப்பு. இசி25-க்குப் பொருள் எண் 0125, ஐந்தாவது இடைமுகம் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டது. புதிய மோடத்துக்கு ஆதரவு சேர்ப்பது என்றால் பல நேரம் அந்த ஒரு வரியைச் சேர்ப்பதுதான். கர்னலில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் இயக்கியிடம் அந்த இரண்டு எண்களையும் ‘புதிய எண்’ என்ற கோப்பு வழியே எழுதிக் கொடுத்தால், ‘இதுவும் உன் ஆள்தான்’ என்று ஏற்றுக்கொள்ளும். நான் அப்படித்தான் முதன்முதலில் ஒரு மோடத்தை எழுப்பினேன். அதற்கு முன்பாக அது என்னிடம் ஒரு வாரம் குறுந்தட்டு வேடம் போட்டுக்கொண்டு இருந்தது. விண்டோஸ் மென்பொருளைத் தன்னுள்ளேயே வைத்து, செருகியதும் சிடி மாதிரிக் காட்டிக்கொள்ளும் டேட்டா கார்டுகள் அப்போது நிறைய. யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு கருவி ஒரு செய்தி அனுப்பி வேடத்தைக் கலைத்தபிறகுதான் மோடமாக மாறும்.

ஐந்தாவது இடைமுகம் யாருக்கு? குவால்காம் நிறுவனத்தின் மோடம் சிப்புகள் கியூஎம்ஐ என்ற சொந்த நெறிமுறையில் பேசுகின்றன. அதற்குப் பியோர்ன் மோர்க் எழுதிய இயக்கி 2012-இல் லினக்ஸ் 3.4-இல் சேர்ந்தது. அதன் வடிவைப் பார்த்து வியந்தேன். கியூஎம்ஐ மொழி அந்த இயக்கிக்குத் தெரியாது! கட்டளைகளைப் பிரிக்காமல் அப்படியே மேலே அனுப்பிவிடும், படித்துப் புரிந்துகொள்வது கர்னலுக்கு வெளியே இருக்கும் லிப்கியூஎம்ஐ என்ற நிரல் நூலகமும் மோடங்களை நிர்வகிக்கும் மோடம்மேனேஜர் என்ற மென்பொருளும். தபால்காரர் உறையைப் பிரிக்காதது போல. கியூஎம்ஐ போன்ற இன்னொன்று எம்பிஐஎம், இது யுஎஸ்பி தரத்தை வகுக்கும் அமைப்பே வெளியிட்ட பொது நெறிமுறை. அதனால் அதைப் பேசும் மோடங்களுக்கு ஒவ்வொன்றாக எண் சேர்க்கும் தேவையே பெரும்பாலும் வருவதில்லை. கர்னலில் 2021-இல் செல்பேசி மோடங்களுக்கென்றே தனி உட்பிரிவும் வந்துவிட்டது.

இப்போது பெயர்களைத் திரும்பப் பாருங்கள். கர்னலில் இருக்கும் துண்டு எதையும் இயக்கவில்லை. வேறு மொழி பேசும் இரண்டு கணினிகளை ஒத்துப்போக வைக்கிறது. அது இணக்கி. மோடத்துக்குள் பூட்டிவைத்த நிலைபொருள்தான் வானொலியை இயக்குகிறது. அது இயக்கி. கட்டற்ற மென்பொருள்காரர்கள் திறந்திருப்பது முதலாவதை. இரண்டாவது பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. அதையும் திறக்க முயன்றவர்கள் உண்டு. 2010-இல் தொடங்கிய ஆஸ்மோகாம்பிபி திட்டம், கலிப்சோ சிப்பு கொண்ட பழைய மோட்டரோலா பேசிகளுக்கு 2ஜி நிலைபொருளையே கட்டற்றதாக எழுதிக் காட்டியது. நான் கைதட்டி வரவேற்கும் வேலை அது. ‘திறந்த மோடம் இயக்கி’ என்று யாராவது விளம்பரப்படுத்தினால், இந்த இரண்டில் எது என்று கேளுங்கள்.

பெயர்களை இப்போது மாற்றிப் போடச் சொல்ல மாட்டேன். இயக்கி நிலைத்துவிட்ட சொல், டிரைவர் என்று எழுத எந்தத் தேவையும் இல்லை. சாதன இயக்கி, மோடம் இயக்கி என்றே எழுதலாம். இணக்கியின் கதை வேறு. அகராதியில் இருக்கிறது, பேச்சில் இல்லை. விளக்கம் எழுதும்போது ஒரு தடவை இணக்கி என்று காட்டிவிட்டு மோடம் என்றே தொடர்வது என் வழக்கம். அதற்கு ஒரு காரணம் உண்டு. மோடெம் என்று எழுதிய நாட்களில் ‘மோடெமை’, ‘மோடெமுக்கு’ என்று வேற்றுமை உருபு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். இன்று கடைக்காரர்கூட ‘மோடத்தைக் கழற்றி மாட்டுங்க’ என்கிறார். மரம் மரத்தை, பணம் பணத்தை, மோடம் மோடத்தை.