ஸ்டீயரிங் இறுகினால் பலம் காட்டாதீர்கள்

"ஸ்டீயரிங் கொஞ்சம் டைட்டா இருக்கு, ஓட்ட ஓட்டச் சரியாயிடும்." படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களைப் பழுது பார்க்கும் எனக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். படகு சில மாதம் சும்மா நின்றிருக்கும். முதல் நாள் சக்கரம் ஒரு பக்கம் திரும்பாமல் கல் மாதிரி நிற்கும். இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினால் 'டக்' என்று நகரும். நகர்ந்துவிட்டதே என்று படகைத் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள்.

அந்த 'டக்' சத்தம்தான் எனக்குப் பயம். நகர்ந்தது துருவா, அறுந்தது சக்கரத்தையும் மோட்டாரையும் இணைக்கும் கேபிளின் உள்கம்பியா என்று வெளியிலிருந்து தெரியாது. ஓடும் படகில் கேபிள் அறுந்தால் மோட்டாரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. புரொப்பெல்லரின் முறுக்கு விசை மோட்டாரை ஒரு பக்கமாகத் தள்ளும், படகு சட்டென்று வெட்டித் திரும்பும், உள்ளே இருப்பவர் வெளியே விழுவார். ஆளில்லாத படகு அதோடு நிற்பதில்லை. வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே வந்து ஏறும். எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

எங்கே இறுகுகிறது என்று புரிந்துகொள்ள அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சக்கரத்துக்குப் பின்னால் ஹெல்ம் என்கிற கியர் பெட்டி. அதிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு எஃகுக் கம்பி பின்பக்கம் வரை வருகிறது. கேபிளின் அந்த முனையில் ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தண்டு, பெரும்பாலும் 5/8 அங்குல விட்டம். அது மோட்டாரின் டில்ட் டியூப் என்கிற குழாய் வழியாக ஊடுருவி மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு லிங்க் ராடு தண்டையும் மோட்டாரையும் இணைக்கும். மோட்டாரைத் தூக்கி இறக்க அச்சாக இருப்பதும் இதே டில்ட் டியூப்தான்.

தண்டுக்கும் குழாய்க்கும் நடுவே இருப்பது கிரீஸ் நிற்கிற அளவு இடைவெளி மட்டுமே. கிரீஸ் பழசானால் மெழுகு மாதிரி கெட்டியாகிவிடும். உப்புத்தண்ணீர் புகுந்தால் குழாயின் உட்சுவர் துருப்பிடிக்கும். இரும்பை விடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும், அதனால் அது உள்பக்கம் வீங்கித் தண்டைக் கவ்விக்கொள்ளும். பளபளவென்று இருக்கும் தண்டைப் பார்த்து "துருவே இல்லையே" என்பார்கள். துரு இருப்பது தண்டில் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் குழாயில்.

கேபிள் வாங்க ஓடுவதற்கு முன் ஒரு சோதனை. எஞ்சினை அணைத்து, லிங்க் ராடைக் கழற்றி, மோட்டாரைக் கையால் இடம் வலமாகத் தள்ளிப் பாருங்கள். லேசாகத் திரும்பினால் மோட்டாரில் குறையில்லை. மோட்டாரே இறுக்கமாக இருந்தால், அது திரும்புகிற பிராக்கெட்டில்தான் கிரீஸ் காய்ந்திருக்கிறது. அங்கே புது கேபிள் போட்டும் பலனில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு படகுக்குப் புது கேபிள் மாட்டினேன். சக்கரம் அப்படியே கல்லாக நின்றது. அன்றிலிருந்து முதலில் லிங்க் ராடைக் கழற்றாமல் நான் எதையும் தொடுவதில்லை. மோட்டார் லேசாகத் திரும்பி, சக்கரம் மட்டும் இறுகினால் கேபிளை ஹெல்மிலிருந்தும் பிரியுங்கள். அப்போது சக்கரம் தாராளமாகச் சுற்றினால் குறை கேபிளிலோ டில்ட் டியூபிலோதான்.

அப்புறம், நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் ஒரு தவறு. டில்ட் டியூபில் கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் செலுத்தும் சின்ன முனை, இருக்கும். ஸ்டீயரிங் இறுகியதும் கிரீஸ் கன்னை வைத்து அடி அடி என்று அடிப்பார்கள். அந்த நேரம் தண்டு முழுக்க வெளியே நீட்டியிருந்தால், குழாய்க்குள் காலியான இடமெல்லாம் கிரீஸ் நிரம்பிவிடும். தண்டு திரும்பி உள்ளே வர இடமே இருக்காது. கிரீஸை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆகவே ஸ்டீயரிங் அப்படியே பூட்டிக்கொள்ளும். கிரீஸ் வைக்குமுன் சக்கரத்தைச் சுற்றித் தண்டை முழுக்கக் குழாய்க்குள் இழுத்துவிட வேண்டும். மோட்டார் கையேடுகளில் இது எச்சரிக்கையாகவே அச்சிடப்பட்டிருக்கிறது. கையேட்டைப் பிரித்தே பார்க்காதவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இறுகிய தண்டைக் கழற்றுவதுதான் இந்த வேலையிலேயே பொறுமை கேட்பது. டில்ட் டியூப் முனையில் கேபிளைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுவேன். அடுத்த நாள் தண்டின் முனையில் பித்தளைக் கட்டையை வைத்து, அதன் மேல்தான் சுத்தியலால் தட்டுவேன். நேராக இரும்புச் சுத்தியலால் அடித்தால் தண்டின் முனை காளான் குடை மாதிரி விரிந்துவிடும். விரிந்த முனை குழாய்க்குள் நுழையாது, வேலை இரட்டிப்பாகும். அப்படி விரிந்த முனையை அரத்தால் தேய்த்துத் தேய்த்தே ஒரு பகல் முழுக்கப் போனதுண்டு.

சூடு காட்டுவது பலருடைய வழக்கம். வேறு வழியில்லாமல் நானும் செய்ததுண்டு, ஆனால் பெட்ரோல் டாங்கும் குழாய்களும் படகை விட்டு அகன்ற பிறகுதான். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. குழாய்க்குள் அடைபட்ட கிரீஸும் சூட்டில் பீறிட்டு அடிக்கும், ஆகவே முனைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். எதற்கும் அசையாவிட்டால் கேபிளை உறையோடு வெட்டிவிட்டு, தண்டை மட்டும் இழுவைக் கருவி வைத்து எடுப்பதே மேல்.

இப்படிப் போராடி எடுத்த கேபிளைத் துடைத்துத் திரும்ப மாட்டிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். ஒருமுறை ஒரு படகுக்காரர் அதையே வற்புறுத்தினார். உறை ஓரிடத்தில் லேசாக உப்பியிருந்தது. அவர் கண் முன்னாலேயே அந்த இடத்தைக் கத்தியால் கீறினேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் சொட்டியது. உள்ளே சுற்றியிருந்த எஃகு இழைகளில் சில அறுந்து முள் முள்ளாக நின்றன. அவர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. உறையில் வெடிப்பு, வீக்கம், உறையும் உலோகமும் சேருமிடத்தில் துருக்கறை, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் கேபிள் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புது கேபிளின் நீளத்தை உத்தேசமாகச் சொல்லி வாங்காதீர்கள். பழைய உறையின் மேல் பாக எண் இருக்கும். பல தயாரிப்புகளில் அதன் கடைசி இரண்டு இலக்கம்தான் அடிக் கணக்கில் நீளம். பழைய படகுகளில் டெலிஃப்ளெக்ஸ் என்ற தயாரிப்பாளர் பெயரைப் பார்த்துவிட்டு, இப்போது கிடைப்பதில்லையே என்று தவிப்பார்கள். அந்தத் தயாரிப்பு 2011-இல் சீஸ்டார் சொல்யூஷன்ஸ் ஆகி, 2017-இல் டொமெட்டிக் நிறுவனத்தின் கைக்குப் போனது. புதுப் பெயரில் தேடுங்கள். கேபிள் குட்டையாக இருந்தால் கூர்மையாக மடங்கும், நீளமாக இருந்தால் வீண் வளைவு விழும். இரண்டுமே ஸ்டீயரிங்கை இறுக்கும். எந்த வளைவின் ஆரமும் 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

பழைய கேபிளை உருவும்போதே அதன் முனையில் ஒரு கயிற்றைக் கட்டிவிடுங்கள். புது கேபிளை அந்தக் கயிறே வழி காட்டி இழுத்துவரும். மாட்டுவதற்கு முன் டில்ட் டியூபின் உட்சுவரைப் பித்தளைப் பிரஷால் தேய்த்துத் துணியால் துடைத்து, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பார்ப்பேன். சுவரில் பள்ளம் பள்ளமாக அரித்திருந்தால் குழாயையும் மாற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் புதுத் தண்டும் சீக்கிரமே மாட்டிக்கொள்ளும். தண்டுக்குத் தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ் பூசி உள்ளே விட்டு, நட்டை முதலில் விரலாலேயே ஏற்றுங்கள். மரை சரியாகப் பிடித்ததா என்பதை விரல்தான் சொல்லும்.

லிங்க் ராடில் வருவது தானாகக் கழலாத லாக் நட்டு. பழையதைத் திரும்பப் போடாதீர்கள், சாதாரண நட்டை ஒருபோதும் போடாதீர்கள். அது அதிர்வில் கழன்று விழுந்தால் கேபிள் அறுந்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பிப் பார்ப்பேன். மோட்டாரை முழுக்கத் தூக்கி ஒருமுறை, முழுக்க இறக்கி ஒருமுறை. கேபிள் எங்கும் உரசக் கூடாது, எங்கும் இழுபடக் கூடாது. பிறகு தண்ணீரில் மெதுவான வேகத்தில் இரண்டு பக்கமும் வட்டமடித்துப் பார்ப்பேன். கரைக்கு வந்ததும் படகைக் கொடுத்துவிட மாட்டேன். லிங்க் ராடு நட்டிலும் டில்ட் டியூப் நட்டிலும் மறுபடி ஸ்பேனரை வைத்து, கொஞ்சமும் அசையவில்லை என்று பார்த்த பிறகுதான் சாவியை உரிமையாளர் கையில் கொடுப்பேன்.