ஃபைபர் போட்டால் கம்பியைக் குறைக்கலாமா?

வீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "கான்கிரீட்டில் ஃபைபர் போடுகிறோமே சார், கம்பியைக் கொஞ்சம் குறைக்கலாமா?" கூடாது. மூட்டைக்கு ஒன்று என்று கடையில் தரும் 125 கிராம் பாக்கெட்டில் இருப்பது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் இழை. முடி போல மெல்லியது, பெரும்பாலும் 12 மி.மீ. நீளம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஏழெட்டு மூட்டை சிமெண்ட் என்றால் இழை ஏறக்குறைய 900 கிராம் சேரும், கொள்ளளவில் 0.1 சதவீதம். கம்பி தாங்குகிற இழுவிசையை இதன் தலையில் கட்ட முடியாது.

பிறகு எதற்குத்தான் போடுகிறோம்? முதல் சில மணி நேரத்துக்காக. தளம் போட்டதும் கான்கிரீட்டிலிருந்து கொஞ்சம் தண்ணீர் மேலே கசிந்து வரும். கசிவதைவிட வேகமாக வெயிலும் காற்றும் அதை உறிஞ்சினால், இன்னும் இறுகாத மேற்பரப்பு சுருங்கி வெடிக்கும். ஆடிக் காற்றில் போட்ட தளங்களில் மாலைக்குள் கோடு கோடாகத் தெரிவது பெரும்பாலும் இந்த வெடிப்புதான். அந்த நேரத்தில் கான்கிரீட்டுக்கே பலம் கிடையாது என்பதால், மெல்லிய இழைகூட அதைப் பிடித்துவைக்கப் போதும். இறுகிய பிறகு பாரத்தால் வரும் விரிசல் வேறு கதை.

ஃபைபர் போட்டாச்சு, தண்ணீர் விட வேண்டாம் என்று சில மேஸ்திரிகள் சொல்வதை நம்பாதீர்கள். நாம் வாங்குவது பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் (ஃபிளை ஆஷ்) கலந்த பி.பி.சி. சிமெண்ட். அதற்குக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கேட்பது குறைந்தது 10 நாள் கியூரிங், அதாவது ஈரம் காயாமல் வைத்திருப்பது. வறண்ட வெயில் காலமென்றால் 14 நாள் நல்லது. இன்னொரு வம்பு, இழை சேர்ந்ததும் கலவை கெட்டியாகத் தெரியும். உடனே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். அதனால் போகும் பலத்தை எந்த இழையும் திருப்பித் தராது. இளக வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் ரசாயனம்) சேர்க்கலாம். பாக்கெட்டை அப்படியே கொட்டாமல் உதிர்த்துப் போட்டு, மிக்சரைக் கூடுதலாக ஓரிரு நிமிடம் ஓட விடுங்கள். இல்லாவிட்டால் இழை உருண்டை கட்டிவிடும்.

ஸ்டீல் ஃபைபர் வேறு ரகம். கன மீட்டருக்கு 20 முதல் 40 கிலோ வரை போட்டு, கிடங்குத் தரைகளில் கம்பி வலையையே தவிர்க்கிறார்கள். அங்கே அடியில் முழுக்க மண் தாங்குகிறது. உங்கள் வீட்டுத் தளமோ பீமுக்கு பீம் அந்தரத்தில் நிற்கிறது. அந்த உதாரணத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

முகப்புக்கு வாங்கும், கண்ணாடி இழை கலந்த சிமெண்ட் ஜாலி (துளையிட்ட அலங்காரத் தடுப்பு), பேனல்களில் ஒன்றே ஒன்று பாருங்கள். சாதாரண கண்ணாடி இழையைச் சிமெண்டின் காரத்தன்மை நாளடைவில் அரித்துவிடும். சிர்கோனியா கலந்த, காரம் தாங்கும் ஏ.ஆர். கிளாஸ்தானா என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

சன்ஷேடு, பால்கனி விஷயத்தில் மட்டும் இன்னும் கண்டிப்பு வேண்டும். அவற்றைத் தாங்குவது மேல் கம்பி. கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கிவிட்டால், எத்தனை பாக்கெட் கலந்திருந்தாலும் சுவரை ஒட்டி விரிசல் வரும். அதனால் மேல் கம்பியை உயரத்தில் தாங்கி நிறுத்தும் 'சேர்' (நாற்காலி) கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்களா, நடக்கப் பலகை போட்டிருக்கிறார்களா என்று மிக்சர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.